ஸ்லோ சைக்கிள், பெண்கள் பிரிவு

அறிவிப்புப் பலகையில் காகிதத்தை ஒட்டிவிட்டு, விரலில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டே சிவசுப்பிரமணியம் தன் மேஜைக்குத் திரும்பினான். அதற்குள், தைத்து வந்த பனியனில் நூல் பிசிறு வெட்டும் பகுதியிலிருந்து நான்கு பெண்கள் அங்கே வந்து நின்றிருந்தார்கள்.

"ஏனுங் சார், அந்தக் காயிதத்துல எங்களைப் பத்தி என்னமோ எழுதியிருக்குதாமா?" என்று கேட்டாள் முன்னால் நின்ற மருதம்மாள்.

"ஆண்டு விழாவுல பெண்களுக்கு விளையாட்டுப் போட்டி வெச்சிருக்கோம். ஸ்லோ சைக்கிள்."

"அப்படீன்னா?"

"சைக்கிளை மெதுவா ஓட்டணும். கால் தரையில படக்கூடாது. யார் கடைசியா வந்து சேர்றாங்களோ, அவங்களுக்குத்தான் முதல் பரிசு."

மருதம்மாள் மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்களா? கடைசியா வந்தா பரிசாமா. காலையில நாம சித்தெ கடைசியா வந்தா அரைநாள் கூலியை வெட்டிப் போடறாங்கொ."

அப்படி வெட்டுகிறவன் சிவசுப்பிரமணியம்தான். மயில்வாகனம் நிட்டிங் கம்பெனியின் டைம் கீப்பர் அவன். அதுவும் தற்காலிக டைம் கீப்பர். நிரந்தர டைம் கீப்பர் காமாலை வந்து ஊருக்குப் போனவர், திரும்ப வருவாரா மாட்டாரா என்பது தெரியாத நிலையில் அவன் அந்த நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தான். ஆனால் உடுமலைப்பேட்டையில் இருந்த அவன் அம்மாவுக்கு இந்த நுணுக்கம் தெரியாது. மகனுக்கு நிரந்தர வேலை கிடைத்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லி, அந்த பலத்தில் மடத்துக்குளம் பக்கம் பெண்ணும் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அவள் சொன்னதை உண்மையாக்க வேண்டிய பொறுப்பு இப்போது அவன் தலையில் இருந்தது.

அந்தப் பொறுப்புதான் அவனைச் சைக்கிளில் கொண்டுவந்து நிறுத்தியது.

போன வருஷத்து ஆண்டு விழாவுக்குக் கோயமுத்தூரிலிருந்து தொழிலாளர் நல அதிகாரியான ஓர் அம்மையார் தலைமை தாங்க வந்திருந்தார். ஆண்களுக்குக் கபடி, சாக்கு ஓட்டம், வடம் இழுத்தல் எல்லாம் நடந்தன. பெண்களுக்குக் கோலப் போட்டியும், கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து நடக்கும் போட்டியும் நடந்தன. அம்மையார் பேசும்போது, "கோலமும் எலுமிச்சம்பழமும் கரண்டியும் இவர்கள் வீட்டிலேயே இருக்கின்றன. விளையாட்டு எங்கே?" என்று கேட்டுவிட்டார். கூட்டம் என்ன ஏது என்று தெரியாமல் பலமாகக் கை தட்டியது. முதலாளி குமாரசாமிக்கு மட்டும் அந்தக் கைதட்டல் கன்னத்தில் விழுந்ததுபோல் இருந்தது.

இந்த வருஷமும் அதே அம்மையார்தான் வருகிறார்.

"ஏங்கண்ணு சிவசுப்பு, நீ படிச்ச பையன். அந்தம்மா வாயடைச்சுப் போற மாதிரி பொம்பளைங்களுக்கு ஒரு வெளையாட்டு வெக்கோணும். ஆனா நம்ம ஊர்ல யாரும் ஒரு சொல்லுச் சொல்லிரவும் கூடாது" என்றார் முதலாளி.

இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் செய்வது எப்படி என்று சிவசுப்பிரமணியம் முறையாக யோசித்தான். அவன் எதையும் முறையாகத்தான் யோசிப்பான். யோசித்து முடித்ததும், யோசித்தது சரிதானா என்று இன்னொரு முறை யோசிப்பான். ஒவ்வொரு விளையாட்டாக மேஸ்திரி பொங்கியண்ணனிடம் கொண்டுபோய்க் கருத்துக் கேட்டான்.

"ஓட்டப்பந்தயம் வைக்கலாங்களா?"

"பொம்பளை தலைதெறிக்க ஓடுனா, எங்கயோ எழவு உழுந்து போச்சுன்னு ஊரே பொறத்தால ஓடியாருமுங்க தம்பி."

"வடம் இழுத்தல்?"

"இங்க இழுத்துப் பழகிட்டு ஊட்டுல போயி புருசனை இழுப்பாங்க. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்."

"குண்டு எறிதல்?"

பொங்கியண்ணன் பிசிறு வெட்டும் பகுதியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "நான் தினமும் அவங்களுக்கு முன்னால நடக்கறவனுங்க தம்பி. அவங்க கையில குண்டைக் குடுத்துப்போட்டு நான் எங்க போறது?"

கடைசியில் ஒரு பழைய விளையாட்டு விழா நோட்டீஸில் ஸ்லோ சைக்கிள் என்ற பெயர் சிவசுப்பிரமணியத்தின் கண்ணில் பட்டது. ஓட வேண்டாம்; தாண்ட வேண்டாம்; எறிய வேண்டாம். உட்கார்ந்தபடியே போனால் போதும், அதுவும் மெதுவாக. மெதுவாக என்ற சொல்லிலேயே ஓர் அடக்கம் இருந்தது. சைக்கிளை வேகமாக ஓட்டுவதைவிட மெதுவாக ஓட்டுவதுதான் கடினம் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை.

முதலாளிக்கு யோசனை பிடித்துவிட்டது. "பேஷ்! நம்ம பொம்பளைங்களுக்குச் சைக்கிள் தெரியாதே? சரி, தினமும் நாலு மணிக்கு ஒரு மணி நேரம் பயிற்சிக்கு உட்டுரு. கூலி புடிக்க வேண்டாம். நீயே சொல்லிக் குடுத்துரு. உனக்குச் சைக்கிள் தெரியுமல்லொ?"

திருப்பூரில் மீசை முளைத்த ஆண் ஒருவனைப் பார்த்துக் கேட்கும் கேள்வியல்ல அது. நடக்கத் தெரியுமா என்று கேட்பதைப் போன்றது. சிறு வயதில் முதன்முதலாக ஏறிய அன்றே சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போனதும், அதன்பின் சைக்கிள் இருக்கும் பக்கமே போகாததும் சிவசுப்பிரமணியத்தின் கண்முன் வந்து நின்றன.

"தெரியுமுங்க" என்றான்.

"நல்லது. அந்தம்மா முன்னால ஒரே ஒருத்தி முடிவுக் கோட்டைத் தாண்டிட்டாலும் போதும், உன்ற வேலை நெரந்தரம். தாண்டலீன்னா, உடுமலைக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸுன்னு விசாரிச்சு வெச்சுக்க."

இப்படித்தான் அந்தக் காகிதம் பலகையில் ஏறியது. நான்கு பெண்களும் மேஜைக்கு முன்னால் வந்து நின்றதும் இப்படித்தான்.

"தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி உண்டு" என்றான் சிவசுப்பிரமணியம்.

"அந்த ஒரு மணி நேரத்துக்கு?" என்று இழுத்தாள் மருதம்மாள்.

"கூலி உண்டு."

"அப்படீன்னா நாங்க நாலு பேரும் வர்றோமுங். நானு, குழந்தையம்மா, நல்லம்மா, பழனியம்மா. எழுதிக்குங்க. சைக்கிளுக்கு முன்னால ஒரு சக்கரம், பின்னால ஒரு சக்கரம். அதுக்கு மேல எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்கதான் கையைப் புடிச்சுச் சொல்லிக் குடுக்கோணும்."

"கையைப் பிடிக்கிற வேலையெல்லாம் கிடையாது" என்று அவசரமாகச் சொன்னான் சிவசுப்பிரமணியம். அவன் காது சிவந்துவிட்டது. குழந்தையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சைக்கிளுக்கு அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. பல்லடம் ரோட்டில் அமானுல்லாவின் வாடகை சைக்கிள் கடை இருந்தது. சேலை கட்டியவர்கள் ஏற நடுவில் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள் வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நாலு இருக்குதுங் சார். நாலும் நல்ல ஓட்டத்துல இருக்குது. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் அமானுல்லா.

கேட்டதும் கிடைத்துவிட்டதே என்று சிவசுப்பிரமணியம் முருகனுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டான். ஒரு கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தான்.

கம்பெனிக்குப் பின்னால், சலவை செய்த பனியன் துணியைக் கொடி கட்டிக் காயப்போடும் களம்தான் பயிற்சி மைதானம். முதல் நாள் சிவசுப்பிரமணியம் சைக்கிளுக்குப் பக்கத்தில், ஆனால் அதைத் தொடாமல், நின்றுகொண்டு பாடத்தைத் தொடங்கினான்.

"சைக்கிள் ஓட்டுவதை நாலு கட்டமாப் பிரிக்கலாம். ஒண்ணு, ஏறுதல். ரெண்டு, மிதித்தல். மூணு, திருப்புதல். நாலு, இறங்குதல்."

"உழுகறது எத்தனாவதுங்க?" என்று கேட்டாள் குழந்தையம்மாள்.

"அது பாடத்துல இல்லை."

"அப்ப அதை நாங்களே படிச்சுக்கோணுமுங்களா?"

"கேள்வியெல்லாம் கடைசியில. முதல்ல மருதம்மா ஏறுங்க."

மருதம்மாள் சைக்கிளின் கைப்பிடியைக் கொதிக்கும் பாத்திரத்தைத் தொடுவதுபோல் தொட்டாள். "ஆத்தாடி, ஆடுதுங்க சார்! பொறத்தால புடிச்சுக்குங்க."

பின்னால் பிடிப்பதென்றால் சீட்டைப் பிடிக்க வேண்டும். சீட்டின் மேல் ஓர் அன்னியப் பெண் உட்கார்ந்திருப்பாள். பொங்கியண்ணன் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவசுப்பிரமணியம் கொஞ்சம் யோசித்தான். பிறகு உள்ளே போய், குழாய் மாதிரி பின்னி வந்த பனியன் துணியில் நீளமாக ஒரு துண்டு எடுத்துவந்து, ஒரு முனையைச் சைக்கிள் கேரியரில் முடிச்சுப் போட்டு, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டான். கண்ணியமும் காப்பாற்றப்படும், சைக்கிளும் காப்பாற்றப்படும். தனக்கு இப்படியொரு யோசனை வந்ததைப் பற்றி அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பனியன் துணி இழுத்தால் நீளும் என்பதைப் பகல் முழுக்க அந்தத் துணிக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவன் மறந்துபோனான்.

மருதம்மாள் ஏறி மிதித்தாள். சைக்கிள் போயிற்று. துணி நீண்டது. சைக்கிள் இன்னும் போயிற்று. துணி இன்னும் நீண்டது. சிவசுப்பிரமணியம் நின்ற இடத்திலேயே நின்று, "பயப்படாதீங்க, நான் பிடிச்சிருக்கேன்!" என்று கத்திக்கொண்டிருந்தான். நீளக்கூடிய மட்டும் நீண்டு முடித்த துணி, பிறகு ஒரே வீச்சில் சுருங்கியது. அவன் இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பின. அடுத்து அவன் கண்ணைத் திறந்தபோது கேரியருக்குப் பக்கத்தில் புழுதியில் கிடந்தான்.

"அடியாத்தி! ஏனுங் சார், இது எத்தனாவது கட்டமுங்க?" என்றாள் குழந்தையம்மாள்.

மருதம்மாள் எப்படியோ இறங்கி நின்றுகொண்டிருந்தாள். சிவசுப்பிரமணியத்தின் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "இது நமக்குச் சரிப்பட்டு வராதுங் சார். நீங்க ஏறி ஓட்டிக் காட்டுங்க. பாத்துப் பாத்து நாங்க கத்துக்கறோம்" என்றாள்.

நான்கு பேரும் அவனையே பார்த்தார்கள். ஜன்னலிலிருந்து பொங்கியண்ணனும் பார்த்தார். வேறு வழியில்லை. ஏறினான்.

"முழங்காலைத் தளத்தி உடுங்க" என்றாள் மருதம்மாள் பின்னாலிருந்து.

"எனக்குத் தெரியும்."

"சக்கரத்தைப் பாக்காதீங் சார். தூரமாப் பாருங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நடக்கறப்பயும் நாம அப்படித்தானுங்களே பாக்கறோம்?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்ததாகவே பட்டது. அவன் தூரமாகப் பார்த்தான். தூரத்தில் வெள்ளை வெளேரென்று கொடிக் கொடியாகப் பனியன் துணி காய்ந்துகொண்டிருந்தது. பார்த்த இடத்துக்கே சைக்கிள் போகும் என்பதை அவன் அப்போதுதான் தெரிந்துகொண்டான். முதல் கொடி முகத்தில் விழுந்தது. இரண்டாவது கொடி கழுத்தில் சுற்றியது. மூன்றாவதைத் தாண்டியபோது சிவசுப்பிரமணியமும் சைக்கிளும் சேர்ந்து ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தார்கள்.

பொங்கியண்ணன் ஓடிவந்தார். சலவைத் துணியில் டயர் தடம் ரயில் தண்டவாளம் போல நீளமாகப் பதிந்திருந்தது.

"தம்பி, இது நாளைக்கு வெட்டப்போற துணி! இந்த நாலு பேரையும் ஒரு மணி நேரம் வேலைக்கில்லாமப் பண்ணினீங்க. இப்ப துணியையுமில்ல பாழாக்கிட்டீங்க! மொதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

கேட்டதோடு நிற்காமல், போய்ச் சொல்லியும்விட்டார். முதலாளி கூப்பிட்டு, "கண்ணு, களத்துப் பக்கம் இனிச் சைக்கிள் போகப்படாது" என்று மட்டும் சொன்னார்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். ஊரைத் தாண்டி ஒரு பொட்டல் இருந்தது. பயிற்சியை அங்கே மாற்றினான். ஆனால் அங்கே போய்வர நேரம் பிடிக்கும். ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால், அவன் கணக்குப்படி அந்த ஐந்து பேரில் ஓட்டத் தெரிந்தவர் யாரும் கிடையாது. அதனால் தினமும் மூன்றரை மணிக்கே சிவசுப்பிரமணியம் முன்னால் நடக்க, பின்னால் நான்கு பெண்கள் நான்கு சைக்கிள்களை உருட்டிக்கொண்டு கடைவீதி வழியாக ஊர்வலம் போல் போனார்கள். ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாயிற்று.

"ரெண்டு மணி நேரத்துக்கும் கூலி உண்டல்லொங்க?" என்று வழியிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டாள் மருதம்மாள்.

கடைவீதியில் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "ஏனப்பா, நாலு சைக்கிளும் ஒண்ணாப் பஞ்சரா?" என்று வெற்றிலைக் கடைக்காரர் தினமும் கேட்டார். தினமும் சிவசுப்பிரமணியம் குனிந்த தலையோடு அவரைக் கடந்து போனான். பின்னால் வந்தவர்களோ நிமிர்ந்துதான் வந்தார்கள். நல்லம்மாள் மணியைக்கூட அடித்துக்கொண்டு வந்தாள்.

பொட்டலில் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிதான் நடந்தது. பெண்கள் ஆளுக்கு ஒரு தடவை ஏறுவார்கள், ஆடுவார்கள், "ஐயோ, முருகா!" என்று இறங்கிவிடுவார்கள். பிறகு, "சார், இன்னொருக்கா நீங்க காட்டுங்க" என்பார்கள். அவன் காட்டுவான். மருதம்மாள் பக்கத்திலேயே ஓடி வருவாள்.

"மெரளாத கண்ணு… மெரளாதீங் சார். கையை இறுக்கிப் புடிக்காதீங்க. அதென்ன ஓடியா போயிரும்? இப்ப திருப்புங்க. ஒடம்பைச் சாச்சுத் திருப்புங்க. அதேதான்!"

"நான் சரியாத்தான் ஓட்டறேன். நீங்க கவனிச்சுக்கிட்டு வர்றீங்களா?"

"கண்ணை எடுக்காமப் பாக்கறோமுங்க."

முதல் வாரம் அவன் கைகால் முட்டியெல்லாம் தேய்ந்தது. அடுத்த வாரம் தேய்வது குறைந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், பொட்டலை முழுச் சுற்றாகச் சுற்றி, கால் ஊன்றாமல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தான். நான்கு பெண்களும் கை தட்டினார்கள். அவனுக்கு நெஞ்சு விம்மியது. சட்டென்று, தான் மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. ஏற்கெனவே தெரிந்தவனல்லவா!

அன்று மாலை, வேலை முடிந்து வழக்கமாகப் போகும் டைப்ரைட்டிங் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதும் அவன் மனம் பொட்டலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பாடம் நடத்துகிறவனுக்குப் பாடம் வந்துவிட்டது. பாடம் கேட்கிறவர்கள் மட்டும் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். தவறு எங்கே? கட்டங்களைப் பிரித்ததிலா? விளக்கியதிலா? தனக்குச் சொல்லிக்கொடுக்கும் திறமையே கிடையாதோ? மூன்றையும் யோசித்துப் பார்த்து, மூன்றும்தான் என்ற முடிவுக்கு வந்தான்.

விழாவுக்கு முந்தின நாள், பொட்டலிலிருந்து திரும்பும் வழியில் அவனால் தாங்க முடியவில்லை. மருதம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வேலை நிரந்தரமில்லை என்பதையும், நாளைக்கு ஒருத்தியாவது கோட்டைத் தாண்டினால்தான் வேலை என்பதையும், அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருப்பதையும்.

மருதம்மாள் சைக்கிளை உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"பொண்ணு எந்தூருங்க?"

"மடத்துக்குளம் பக்கம்."

"பாத்தாச்சுங்களா?"

"இன்னும் இல்லை. வேலை நிரந்தரம்னு கடுதாசி காட்டினாத்தான் பார்க்க விடுவாங்க."

"ஓ… நாங்க நாளைக்கு நல்லா ஓட்டிட்டோமுன்னு வெச்சுக்குங்க. அப்பறம் இந்தச் சாயங்காலப் பயிற்சி?"

"அதோட முடிஞ்சுது. மேஸ்திரி அதுக்குத்தான் நாளை எண்ணிக்கிட்டிருக்கார்."

மருதம்மாள் திரும்பி மற்ற மூவரையும் பார்த்தாள். பிறகு, "நீங்க போயி நல்லா உண்டுட்டுப் படுத்துத் தூங்குங் சார். நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவன் மறுநாள் விழாவுக்கு வந்தான்.

பந்தலில் கூட்டம் நெரிந்தது. நடுவில் அம்மையார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சரிகை வேட்டியில் முதலாளி. போட்டோ எடுக்கிறவர் முக்காலியை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். "அடுத்து, பெண்களுக்கான ஸ்லோ சைக்கிள் போட்டி!" என்று ஒலிபெருக்கி முழங்கியதும் அம்மையார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தார். முதலாளி சிவசுப்பிரமணியத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

சுண்ணாம்புக் கோட்டில் நான்கு சைக்கிள்கள் வந்து நின்றன. பொங்கியண்ணன் விசில் ஊதினார்.

நான்கு பெண்களும் ஏறினார்கள். ஒரு மிதி மிதித்தார்கள். நால்வரும் ஒரே சமயத்தில், ஒரே பக்கமாக, வரிசை குலையாமல் சாய்ந்து விழுந்தார்கள். அவ்வளவு ஒழுங்காக யாரும் விழுந்து அந்த ஊர் பார்த்திருக்காது.

கூட்டம் சிரித்தது. முதலாளியின் முகம் சுருங்கியது.

"இன்னொருக்கா ஊதுங்க" என்று கெஞ்சினான் சிவசுப்பிரமணியம்.

இன்னொரு முறை ஊதினார். இன்னொரு முறை விழுந்தார்கள்; இந்தத் தடவை அந்தப் பக்கமாக. மூன்றாவது முறை விசில் ஊதுவதற்கு முன்பே பழனியம்மாள் விழுந்துவிட்டாள்.

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். சிவசுப்பிரமணியத்தின் கண்ணுக்குப் பந்தல், கூட்டம், அம்மையார் எல்லாம் மறைந்து, உடுமலைப்பேட்டை பஸ் மட்டும் தெரிந்தது.

அப்போது புழுதியில் உட்கார்ந்தபடியே மருதம்மாள் ஒலிபெருக்கி தோற்கும் குரலில் கத்தினாள்: "அம்மா, தலைவரம்மா! எங்க சாரை ஒருக்கா ஓட்டிக் காட்டச் சொல்லுங்க! அவரு ஓட்டறதைப் பாத்தாத்தானுங்க எங்களுக்கு தகிரியம் வரும்!"

"செய்யட்டுமே" என்றார் அம்மையார்.

மறுக்க நேரம் கிடைக்கவில்லை. குழந்தையம்மாளும் நல்லம்மாளும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, நான்கு பெண்களில் ஒருத்தியின் லேடீஸ் சைக்கிளில் சிவசுப்பிரமணியம் ஏற்றி உட்கார்த்தப்பட்டான். விசில் ஊதப்பட்டது.

அவனுக்கு மெதுவாக ஓட்டும் வித்தையெல்லாம் தெரியாது. பயம் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. முன் சக்கரம் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை யோசித்து யோசித்துத் திரும்பியது. போகிறானா நிற்கிறானா என்று கூட்டத்துக்கே சந்தேகம் வந்தது. விசிலை ஊதிவிட்டு வெற்றிலையை எடுத்த பொங்கியண்ணன், சுண்ணாம்பு தடவி, மடித்து, மென்று, துப்பிவிட்டும் வந்துவிட்டார். சைக்கிள் பாதி தூரம்தான் வந்திருந்தது. கால் மட்டும் தரையில் படவே இல்லை. அவன் கோட்டைத் தாண்டியபோது பந்தலே எழுந்து நின்றது.

அம்மையார் ஒலிபெருக்கிக்கு வந்தார்.

"எத்தனையோ ஆலைகளுக்குப் போயிருக்கிறேன். பெண்கள் விழும்போது சிரிக்கிற ஆண்களைப் பார்த்திருக்கிறேன். பெண்களுக்குத் தைரியம் வரட்டும் என்று, கூச்சப்படாமல் பெண்கள் சைக்கிளில் ஏறி ஓட்டிக் காட்டிய இளைஞரை இன்றுதான் பார்க்கிறேன். இந்தச் சகோதரிகள் பழகாத வித்தை இது; ஒரு மாதத்தில் வந்துவிடுமா? குறைந்தது இன்னும் ஒரு வருஷம் பயிற்சி தேவை. இந்தத் தம்பியே அதைத் தொடர வேண்டும் என்று முதலாளியைக் கேட்டுக்கொள்கிறேன்."

போட்டோக்காரரின் விளக்கு பளிச்சென்று மின்னியது. அந்த வெளிச்சத்தில் முதலாளியால் வேறெதுவும் சொல்ல முடியாது. "செஞ்சுரலாமுங்க! தம்பி வேலை இன்னையிலிருந்து நெரந்தரமுங்க!" என்றார். பொங்கியண்ணன் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

பெண்கள் பிரிவில் கோட்டைத் தாண்டியவர் ஒருவர்தான் என்பதால், முதல் பரிசும் அவருக்கே கொடுக்கப்பட்டது. எவர்சில்வர் குங்குமச் சிமிழும், அதற்குப் பொருத்தமாக ஒரு கைக்கண்ணாடியும். மேடையேறி அதை வாங்கும்போது சிவசுப்பிரமணியத்தின் காது மறுபடியும் சிவந்தது. கீழே நான்கு பெண்களும் சேலையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே மற்ற எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை அவன் ஒரு லேடீஸ் சைக்கிளில் ஏறி, நடுக் கடைவீதி வழியாக, வெற்றிலைக் கடைக்காரரைப் பார்த்து மணியடித்துவிட்டு, அமானுல்லாவின் கடைவரைக்கும் ஓட்டியே வந்தான். சட்டைப் பையில் குங்குமச் சிமிழ் புடைத்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அங்கிருந்து அது மடத்துக்குளம் போகும்.

அமானுல்லா ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், இந்த நாலு வண்டியும் இன்னும் ஒரு வருஷத்துக்கு எங்களுக்கு வேணும். மருதம்மாவுக்கும் மத்தவங்களுக்கும் இன்னும் ஒண்ணுமே பிடிபடலை. நான்தான் முதல்ல இருந்து சொல்லிக் குடுக்கணும்" என்றான் சிவசுப்பிரமணியம், முடிந்தவரை அடக்கமாக.

டியூபை விட்டுவிட்டு அமானுல்லா நிமிர்ந்து பார்த்தார்.

"மருதக்காளுக்கா? நல்லா வெளையாடறீங்க போங் சார், எங்கூட்டுப் பொண்ணு நூர்ஜானுக்குச் சைக்கிள் சொல்லிக் குடுத்ததே அந்தக்காதானுங்க. உங்களைப் பத்தித்தான், ஒரு மாசமாச் சொல்லிக் குடுத்தும் திருப்பத்துல இன்னும் தடுமாறுறீங்கன்னு முந்தாநாத்துக்கூடக் கவலைப்பட்டுட்டிருந்தாங்க."